கத்தி வேண்டும் என்று மகள் கேட்டபோது

பிள்ளை வளர்ப்பில் என் கணவருக்கும் எனக்கும் பெரிதாகக் கருத்து வேறுபாடு வந்ததில்லை. படிப்பு, தூக்கம், கைபேசி, நண்பர்கள் என்று எதுவானாலும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். கத்தி விஷயம் மட்டும் அப்படிச் சுலபமாக முடியவில்லை. மாலை வகுப்பு முடிந்து வரும் வழியில் ஓர் ஆள் தன்னைத் தொடர்ந்து வருவதாக எங்கள் 16 வயது மகள் சொன்னாள். சொன்ன கையோடு, பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்றும் கேட்டாள். என் கணவர் உடனே "வாங்கித் தருகிறேன்" என்றார். நான் "அது மட்டும் கூடாது" என்றேன். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள் அவள்.

அன்று தொடங்கிய பேச்சு பல இரவுகள் நீண்டது. இதே வாக்குவாதம் வேறு பல வீடுகளிலும் நடப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். உடன் வேலை செய்பவர்கள், மகளின் தோழிகளைப் பெற்றவர்கள் என்று யாரிடம் பேச்செடுத்தாலும், பெற்றோரில் ஒருவர் "கையில் ஏதாவது இருக்கட்டுமே" என்கிறார், மற்றவர் பதறுகிறார். பெரும்பாலும் அப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். நேர்மாறாக நிற்கும் வீடுகளும் உண்டு.

அவர் பக்கத்து நியாயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "எந்நேரமும் நாம் அவள் கூட இருக்க முடியாது. கூப்பிட்டால் போலீஸ் வருவார்கள், ஆனால் வந்து சேர நேரமாகும். ஒரு வளர்ந்த ஆணின் பலத்துக்கு அவள் பலம் ஈடாகாது. அந்த வித்தியாசத்தை எதைக் கொண்டு ஈடுகட்டப் போகிறாள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உண்மையானது. அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா ஒரு பேனாக்கத்தி கொடுத்திருக்கிறார். கயிறு அறுக்க, மரம் செதுக்க, பென்சில் சீவ என்று அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. "கத்தியைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகளாக இவர்களை வளர்க்காதே" என்றார். அதிலும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் இவற்றிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த முடிவோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர். கத்திக் காயங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான். கத்தியைத் தற்காப்பு என்று நினைப்பவர்களின் மனத்தில் ஒரு படம் இருக்கிறது: கத்தியை எடுத்துக் காட்டியதும் எதிராளி பின்வாங்குகிறான். காட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அப்படி முடியாமல் போகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் பிரிவுக்கு வந்து சேர்கிறது.

தொடையின் உட்புறம் ஓடும் தமனி அறுபட்டால், இரத்தத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால், சில நிமிடங்களில் உயிர் போகும். மேற்கையின் உட்புறத் தமனியும் அப்படித்தான். "கையிலோ காலிலோ லேசாகக் குத்திவிட்டு ஓடிவிடலாம்" என்று இளைஞர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உயிர் போகாத இடம் என்று அவர்கள் நினைக்கும் இடத்தில்தான் அந்தத் தமனிகள் ஓடுகின்றன. வெளியே ஒரு சிறு பிளவு மட்டும் தெரியும்; உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எது அறுபட்டிருக்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது. குத்தியவரால் அளந்து குத்த முடியாது. இருட்டில், உடல் நடுங்க, எதிராளி அசைந்துகொண்டிருக்கையில், எந்த வயதினராலும் முடியாது.

இன்னொரு காயம் உண்டு. அதை வெளியில் யாரும் பேசுவதில்லை. கத்தியைப் பிடித்தவரின் சொந்தக் கையில் ஏற்படும் காயம் அது. சிறிய கத்திகள் பலவற்றில் கைப்பிடிக்கும் வெட்டும் அலகுக்கும் இடையே விரலைத் தடுத்து நிறுத்தும் தடுப்பு கிடையாது. வேகமாகக் குத்தும்போது முனை எலும்பிலோ தடித்த துணியிலோ முட்டி நின்றால், வியர்வையில் நனைந்த கை முன்னே வழுக்கி அலகின் மேல் போய் விழுகிறது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுபடும். அறுவை சிகிச்சை செய்து தைத்த பிறகும் பல வாரங்கள் கைக்கட்டைப் பிரிக்க முடியாது. பழைய பிடிமானம் எல்லோருக்கும் திரும்பிவிடுவதில்லை. மடக்குக் கத்தியில், விரித்த அலகை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு சரியாக விழாவிட்டால் அலகு பிடித்தவரின் விரல் மேலேயே மடங்கும். என் மகள் வயலின் வாசிக்கிறாள். அவளுடைய இடது கை விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்துவிடும்.

அவர் இதற்கும் பதில் வைத்திருந்தார். "பழக்கினால் வந்துவிடும்" என்றார். பழக்கத்தைப் பற்றி எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர். கத்தியோடு ஓடிவருகிற ஒருவர் 21 அடி தூரத்தை, அதாவது ஆறரை மீட்டருக்குச் சற்றே குறைவான தூரத்தை, ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார் என்று அவர் கணக்கிட்டுப் பார்த்து 1983-இல் எழுதினார். இடுப்புறையில் துப்பாக்கி வைத்திருக்கும், நாள்தோறும் பயிற்சி எடுக்கும் ஒரு போலீஸ்காரருக்கு அதை உருவிச் சுடுவதற்கே அந்த நேரம் போதுமா என்பதுதான் அவருடைய கேள்வி. இப்போது என் மகளை எடுத்துக்கொள்வோம். தோளில் பை. பையில் புத்தகங்கள், தண்ணீர் பாட்டில். அவற்றுக்கு அடியில் கத்தி. ஜிப்பைத் திறக்க வேண்டும், துழாவி எடுக்க வேண்டும், விரிக்க வேண்டும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ஏறிய உடலில் விரல்களின் நுண்மையான அசைவுகள்தான் முதலில் தடுமாறும். ஆறு மீட்டர் தூரத்தில் ஆள் இருந்தால் அவள் செய்ய வேண்டியது ஓடுவது. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் கத்தியை எடுக்க நேரமே இல்லை. இரண்டு தூரங்களிலும் அந்தக் கத்தி அவளுக்கு உதவவில்லை. எடுத்தும் விட்டாள் என்றால், பலத்தில் மிஞ்சிய ஒருவன் முன்னால் இப்போது ஒரு கத்தி இருக்கிறது; அது யார் கையில் போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை நான் சொன்ன இரவு அவர் நீண்ட நேரம் பேசவில்லை. ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். யோசிக்க ஆரம்பித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இருவரும் சேர்ந்து பார்த்தோம். நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத் தவிர வேறு எந்தக் கத்தியையும் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. "என்னைப் பாதுகாத்துக்கொள்ள" என்பது பொதுவாகத் தகுந்த காரணமாக ஏற்கப்படுவதில்லை. இங்கிலாந்தில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைத் தவிர வேறு கத்தி விற்பதே குற்றம். ஜெர்மனியில் ஒரு கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்திகளையும் 12 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான மடங்காத கத்திகளையும் காரணமின்றி எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், 34 முதல் 44 வரையான பிரிவுகளில் தற்காப்புரிமையைத் தெளிவாகவே தருகிறது. ஆனால் காக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்ற வரம்புகளோடு தருகிறது. அங்கேயே 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பிய ஒருவர் கொடுங்குற்றத்தில் சம்பந்தப்பட்டதாக வழக்கு வந்தால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று பரிசீலிக்க இடமுண்டு.

ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. வெறுங்கையால் தள்ளிவிட்டு ஓடிய பெண்ணிடம் "எவ்வளவு பலமாகத் தள்ளினாய்?" என்று யாரும் கேட்கப் போவதில்லை. முன்கூட்டியே கத்தியோடு வந்த பெண்ணிடம் "ஏன் கொண்டுவந்தாய்? யாருக்காகக் கொண்டுவந்தாய்?" என்று கேட்பார்கள். பாதிக்கப்பட்டவளாக நிலையத்துக்குப் போனவள் பதில் சொல்ல வேண்டியவளாக உட்கார்ந்திருப்பாள்.

எங்களுக்கு 14 வயதில் ஒரு மகனும் இருக்கிறான். கத்தி விஷயத்தில் உள்ளூர எனக்கு அவனைப் பற்றித்தான் பயம் அதிகம். பையன்களுக்கிடையே கத்தி புழங்கும் விதம் வேறு. அங்கே முகம் தெரியாத எதிரி கிடையாது. வகுப்பில் ஒரு வார்த்தை, விளையாட்டில் ஒரு தள்ளு, கைபேசியில் பகிரப்பட்ட ஒரு படம், அதற்குப் பிறகு "நாளைக்கு வா, பார்த்துக்கொள்கிறேன்" என்ற சவால். முன்பெல்லாம் சட்டைக் கிழிசலோடு முடிந்த சண்டைகள் இவை. பையில் ஒரு கத்தி இருந்தால் அதே சண்டை பிணவறை வரை போகிறது. "அவன் வைத்திருக்கிறான், அதனால் நானும் வைத்திருக்கிறேன்" என்று ஒருவன் சொல்ல, அதைக் கேள்விப்பட்டு மூன்றாமவன் ஒன்று வாங்குகிறான். பயத்துக்காக வாங்கிய கத்தி அடுத்தவனின் பயத்தை வளர்க்கிறது. விளைவுகளை எடைபோட்டு அவசரத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது மருத்துவம் அறிந்த ஒன்று. நண்பர்கள் சுற்றி நின்று பார்க்கும்போது ஒரு 14 வயதுப் பையனால் பின்வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை அறிய மருத்துவம்கூடத் தேவையில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் இந்தக் கத்திச் சண்டைகளுக்காகவே பெயர் கெட்டிருந்தது. அங்கே 2005-இல் காவல்துறை ஒரு வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கியது. ஜான் கார்னகன், கேரின் மெக்லஸ்கி இருவரும் அதை வழிநடத்தினார்கள். வன்முறையை ஒரு தொற்றுநோயைப் போல அணுகினார்கள்: எங்கே பரவுகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்த இடத்தில் தடுக்கலாம் என்று. கைது செய்வதை அவர்கள் கைவிடவில்லை. கூடவே வேலை, ஆலோசனை, பள்ளிகளில் பேச்சு என்று பல முனைகளில் இறங்கினார்கள். 2008-இல் அங்குள்ள மருத்துவர்கள் சிலர் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, தாங்கள் தைத்த காயங்களைப் பற்றி மாணவர்களிடம் நேரிலேயே போய்ப் பேசத் தொடங்கினார்கள். அதைப் படித்ததிலிருந்து, எங்கள் மருத்துவமனையிலும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிளாஸ்கோவில் கொலைகள் பெருமளவு குறைந்தன. யாருக்கும் கத்தி கொடுத்துக் குறைக்கவில்லை.

சரி, கத்தி கூடாது என்றால் வேறு என்ன? என் கணவரின் கேள்வி அங்கேயே நின்றது. வெறும் மறுப்போடு நான் நிறுத்தியிருந்தால் மகள் எங்களுக்குத் தெரியாமல் ஒன்றை வாங்கியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பின்தொடர்ந்த அந்த ஆளைப் பற்றிய காரியத்தை முதலில் செய்தோம். கத்தியைப் பற்றி வாதாடும் வேகத்தில் பல வீடுகளில் இதுதான் விடுபடுகிறது. பிள்ளை பயப்படுகிறது என்றால் அந்தப் பயத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. எந்த இடத்தில் பார்த்தாள், எத்தனை மணிக்கு, என்ன உடை, வண்டி இருந்ததா என்று மகளை உட்காரவைத்து எழுதச் சொன்னோம். என் கணவர் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். வகுப்பு நடத்துபவரிடம் பேசினோம். அதே திசையில் வீடு திரும்பும் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து வர ஏற்பாடாயிற்று. சில வாரங்கள் எங்களில் ஒருவர் போய் அழைத்து வந்தோம். அந்த ஆள் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. தனியாகப் போகும் ஒரு 16 வயதுப் பெண்ணின் சாமர்த்தியத்தில் எல்லாப் பொறுப்பையும் ஏற்றிவிடுவது அநியாயம். பின்தொடர்ந்தவனை நிறுத்துவது பெரியவர்களின் வேலை.

அடுத்து, குரல். பயத்தில் வெறுமனே அலறினால் பார்ப்பவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்து ஒதுங்கிப் போகக்கூடும். அதனால் பிள்ளைகள் இருவரையும் முழு வாக்கியமாகக் கத்தச் சொல்லிப் பழக்கினோம்: "இவர் யாரென்று எனக்குத் தெரியாது! என்னை விடச் சொல்லுங்கள்!" கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கூப்பிடாமல் ஒருவரைக் குறிவைத்துக் கூப்பிட வேண்டும்: "நீலச் சட்டை அண்ணா, போலீசைக் கூப்பிடுங்கள்!" குறிப்பிட்டுக் கேட்கப்பட்டவர் அவ்வளவு எளிதில் நழுவ மாட்டார். முதல் முறை மகளின் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. மரியாதையாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று சிறு வயது முதல் நாம்தான் சொல்லி வளர்க்கிறோம். ஆபத்தில் மட்டும் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தால் எப்படி வரும்? மாடியில் நின்று கத்திப் பழகினாள். கூச்சம் போகக் கொஞ்ச நாள் பிடித்தது.

தனிநபர் அலாரம் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஊசியை இழுத்தால் 120, 130 டெசிபல் அளவில் அலறும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். அதை இழுத்துவிட்டு வேறு பக்கம் எறிந்துவிட்டும் ஓடலாம். யாரையும் காயப்படுத்தாது, பறித்தாலும் திருப்பிப் பயன்படுத்த முடியாது, எந்த வயதினருக்கும் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, பைக்குள் போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிட வேண்டும். பேட்டரியை அவ்வப்போது சோதிக்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் இதன் பயன் குறைவு என்பதும் உண்மை. கைபேசியில் பவர் பொத்தானைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி இப்போது பெரும்பாலான புதிய கருவிகளில் இருக்கிறது. அமைப்புகளில் போய் அதை இயக்கி வைத்து, யாருக்குச் செய்தி போக வேண்டும் என்பதையும் பதிந்துவைக்க வேண்டும். இன்று இரவே உங்கள் பிள்ளையின் கைபேசியை வாங்கிச் செய்துவிடுங்கள்.

பெப்பர் ஸ்பிரே பற்றி நாங்கள் நிறையப் பேசினோம், ஏனென்றால் கத்திக்கு மாற்றாக அவர் அதைத்தான் முன்வைத்தார். மிளகாயின் காரச் சத்தை எண்ணெய் வடிவில் அடைத்தது அது. முகத்தில் பட்டால் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும், இருமல் வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாத எரிச்சல். பெரும்பாலும் நிரந்தரத் தீங்கு இல்லாமல் தெளிந்துவிடுவார்கள். கத்தியோடு ஒப்பிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் அது. சில மீட்டர் தூரத்திலிருந்தே அடிக்கலாம் என்பதால் கைக்கெட்டும் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் எதிர்க்காற்றில் அடித்தால் தன் முகத்திலேயே படும். மூடிய அறையிலும் பஸ்ஸுக்குள்ளும் அடித்தவரையும் சேர்த்தே பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. காலாவதித் தேதி உண்டு. அதன் பிறகு அழுத்தம் குறைந்து அருகிலேயே விழும். பிரிட்டனிலும் கனடாவிலும் பொதுமக்கள் இதை வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் வாங்கலாம் என்றாலும், தேவையில்லாத இடத்தில் பயன்படுத்தினால் வழக்கு வரும். 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை ஆபத்தான ஆயுதமாகவே பார்த்தது. விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போக முடியாது. மகளுக்கு இதை வாங்கிக் கொடுக்க நான் சம்மதித்தேன். பயிற்சிக்கென்று வெறும் தண்ணீர் நிரப்பிய தெளிப்பான்கள் கிடைக்கின்றன. அதில் பழகிய பிறகு கொடுப்பது என்று நிபந்தனை வைத்தேன். மகனுக்குச் சம்மதிக்கவில்லை. வகுப்பில் யாராவது ஒருவன் விளையாட்டாக அழுத்திப் பார்க்கும் வயது அது.

விரல்களுக்கு நடுவே சாவியைச் செருகிக்கொண்டு குத்தச் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லித் தராதீர்கள். சாவி திரும்பித் தன் விரலைத்தான் கிழிக்கும்.

பயிற்சி வகுப்பு என்று தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கத்தியோடு வருபவனின் மணிக்கட்டை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கும் வித்தையை முதல் வாரத்திலேயே காட்டுகிற இடத்தை விட்டு விலகுங்கள். பார்க்க அழகாக இருக்கும். அதை நம்பி எதிர்த்து நின்ற பிள்ளைதான் குத்துப்படும். நல்ல ஆசிரியர் முதலில் பேசுவது விலகுவதையும் ஓடுவதையும்தான். கைப்பேசியோ பையோ கேட்டால் ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறு பக்கம் ஓடச் சொல்வார். மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவனின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருப்பி இழுக்கச் சொல்லித் தருவார், ஏனென்றால் பிடியில் பலவீனமான இடம் அது. என் மகனை ஜூடோவில் சேர்த்தோம். கானோ ஜிகோரோ 1882-இல் ஜப்பானில் தொடங்கிய அந்தக் கலையில் ஆரம்ப நாட்கள் முழுக்க விழுவதற்கான பயிற்சிதான்: தலை தரையில் மோதாமல், கையை ஊன்றி எலும்பை முறித்துக்கொள்ளாமல் விழுவது. தள்ளுமுள்ளில் பையன்களுக்குத் தலையில் அடிபட்டு வருவதை அடிக்கடி பார்க்கும் எனக்கு, இதைவிடப் பயனுள்ள தற்காப்பு இல்லை என்றே தோன்றுகிறது.

மகளுக்காக நான் தேடிப் படித்ததில் ஓர் ஆய்வு மனத்தில் நிற்கிறது. கனடாவின் உளவியல் பேராசிரியர் சார்லீன் சென் வடிவமைத்த பயிற்சித் திட்டம் ஒன்றை மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியரிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். மூன்று மணி நேர வகுப்புகள் நான்கு. மொத்தம் 12 மணி நேரம்தான். ஆபத்தை இனங்காண்பது, தெரிந்தவர்களிடம் மறுத்துச் சொல்ல வரும் தயக்கத்தை உடைப்பது, வாயாலும் கையாலும் எதிர்ப்பது என்பவை அதில் இருந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம் பேர் வல்லுறவுக்கு உள்ளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். எந்த ஆயுதமும் இல்லாமல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி முன்பின் தெரிந்த ஆண்களைப் பற்றியது என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பெண்களைத் தாக்குபவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குத் தெரிந்தவர்களே. தெருவில் வருகிற அந்நியனுக்காகப் பையில் கத்தி வைத்துக்கொள்ளும் பெண், பழகிய ஒருவனிடம் "தொடாதே, விலகு" என்று உரக்கச் சொல்லக் கூச்சப்பட்டால் அந்தக் கத்தியால் என்ன பயன்?

இந்த ஆய்வைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். தாளை வாங்கி மறுபடி தானே படித்தார். மறுநாள் அவராகவே மகளை அழைத்துப் பேசினார். நான் அங்கே போகவில்லை. கத்தி இல்லை என்ற முடிவை அவர் வாயால் கேட்டதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்தது. ஒருவர் தருகிறேன் என்றும் மற்றவர் தடுக்கிறார் என்றும் இருந்தவரை அவள் அப்பாவிடமே போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றோர் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். வாதம் முடியும் வரை பிள்ளையிடம் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்ல முடியும்.

அவர் கேட்ட இன்னொன்றை நான் மனமாரக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குக் கத்தியைக் கருவியாகப் பழக்குவது. அதில் அவர்தான் வீட்டில் கைதேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரையும் உட்காரவைத்து மரம் செதுக்கக் கற்றுத் தருகிறார். உடலுக்கு எதிர்த்திசையில் வெட்டுவது, கையை நீட்டிச் சுழற்றினால் எட்டும் வட்டத்துக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்வது, கைமாற்றும் முன் மடக்குவது, மழுங்கிய கத்தி அதிக அழுத்தம் கேட்டு வழுக்கும் என்பதால் கூர் தீட்டி வைப்பது. சாரணர் முகாம்களில் இதே ஒழுங்கைச் சொல்லித் தருகிறார்கள். வேலை முடிந்ததும் கத்திகள் அவருடைய பெட்டிக்குள் போய்விடும். பள்ளிப் பைக்குள் போவதில்லை. மகன் ஒரு சிறிய மரக் கரண்டி செய்து முடித்திருக்கிறான்; கத்தியை அவன் பிடிக்கிற விதத்தில் இப்போது ஒரு நிதானம் தெரிகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சியாக இருக்கிறது.

உங்கள் பிள்ளையின் பையில் ஏற்கெனவே ஒரு கத்தி இருப்பதைக் கண்டுபிடித்தால், அடிப்பதற்கும் திட்டுவதற்கும் முன்னால் "யாரைக் கண்டு பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் வரும், அல்லது ஒரு தெரு. அந்தப் பெயரையும் தெருவையும் நீங்கள் கையில் எடுத்துக்கொண்டால்தான் அவன் கத்தியைக் கீழே வைப்பான். பிடுங்கிப் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டால் இன்னொன்று வாங்குவான், இந்த முறை நீங்கள் தேடாத இடத்தில் ஒளிப்பான்.

கடைசியாக, எங்கள் வீட்டில் யாருமே மறுத்துப் பேசாத ஒரு பாடம். பிள்ளைகள் இருவருக்கும் கணவருக்கும் நானே நடத்தினேன். யாராவது குத்துப்பட்டுக் கிடந்தால் முதலில் ஆபத்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள், அவசர எண்ணை அழையுங்கள். கத்தி உடம்பில் செருகியிருந்தால் பிடுங்கவே கூடாது; இரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுவாகவும் இருக்கலாம். அதன் இரு பக்கங்களிலும் துணியை வைத்து அழுத்துங்கள். கத்தி இல்லாத காயம் என்றால் சுத்தமான துணியை நேராகக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கைகளாலும், உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் விழாமல், அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் இப்படிக் கட்டக் கூடாது. குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் உங்கள் கையை விலக்கச் சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள்.